இடது மரை

என்னிடம் ஒரு பிளைமவுத் கார் இருக்கிறது. அமெரிக்காவில் செய்தது, நான் பிறப்பதற்கு முன்பே செய்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. நிற்கிறது என்றுதான் சொல்ல முடியும், ஓடுகிறது என்றால் பொய். இடது பின்சக்கரத்துப் பிரேக் ட்ரம் விரிசல் விட்டுப்போனதால், சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கத்தை மரக்கட்டை மேல் உட்கார வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" "குடுக்காது, வாங்கிக்கும்" என்பேன். இரண்டாவதாகக் கேட்பது, "ஒரு பொம்பளைக்கு எதுக்கு இது?" அதைக் கேட்டதும் கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவேன், அவர்கள் கால் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

அக்கா மட்டும்தான் இந்தக் காரைப் பற்றி என்னிடம் வாய் திறக்கலாம், மூத்தவள் என்பதால். போன் செய்தால் முதலில் என்னை விசாரிக்க மாட்டாள். "உன் பெரியம்மா எப்படி இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். காரைத்தான் சொல்கிறாள். "அவளுக்குப் பண்ற பணிவிடையில பாதிய ஒரு மனுஷனுக்குப் பண்ணியிருந்தா இப்படித் தனியா கெடக்க வேண்டாம்" என்பாள். "பண்ணிப் பாத்தேனே, மூணு வருஷம். மனுஷனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்கல" என்று நான் போனை வைத்துவிடுவேன்.

வேலை பல் செய்வது. டாக்டர் இல்லை, பல் செட் செய்கிற லேபில் இருக்கிறேன். ஊரில் யார் யாரோ வாய் திறந்து அச்சுக் கொடுக்க, அந்த அச்சு மாவுக்கட்டு நிறத்தில் தாடையாக என் மேஜைக்கு வரும். நான் அதற்குப் பல் வைப்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னைச் சுற்றி வரிசையாகத் தாடைகள்தான், ஒன்றும் பேசாது. வீட்டுக்கு வந்தால் கார், அதுவும் பேசாது. சில நாள் இரவு சாப்பிட உட்காரும்போதுதான் இன்றைக்கு நாம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று தெரியும். அப்போது தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வேன்.

சனிக்கிழமை மட்டும் அப்படி இல்லை, சர்வேயர் வருவார்.

சர்வேயர் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, ஒரே மகள் வெளிநாட்டில். அவரிடம் ஒரு டாட்ஜ் கார் இருந்தது. அதுவும் என் பிளைமவுத்தும் ஒரே கம்பெனி வயிற்றில் பிறந்தவை. நாங்கள் சந்தித்ததே சண்டையில்தான். ஒரு பழைய இரும்புக் கடையில் ஹெட்லைட் வளையம் ஒன்று கிடந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை இந்த மனுஷன் பிடித்தார். "விடுங்க சார்." "நீங்க விடுங்கம்மா." கடைக்காரன் நடுவில் வந்து, ரெண்டு பேரும் வண்டியில் மாட்டிப் பாருங்கள், எவருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு என்று தீர்ப்புச் சொன்னான். இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த சனிக்கிழமை வேட்டை.

லேப் முதலாளியின் சின்ன வேனை நான் இரவல் வாங்கிக்கொள்வேன். அவர் ஃபிளாஸ்க்கில் டீ எடுத்து வருவார். எங்கே ஒரு பழைய அமெரிக்கக் கார் செத்துக் கிடக்கிறது என்று துப்பு வந்தாலும் கிளம்பிவிடுவோம். மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி, ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எவனோ ஒருவனின் கோழிப் பண்ணை. அந்தப் பண்ணையில் ஒரு டிசோட்டோவின் பின்சீட்டில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. கதவுக் கைப்பிடியை மட்டுமாவது கொடு என்று கெஞ்சினோம். "கோழிங்க பயந்துடும்" என்று பண்ணைக்காரன் மறுத்துவிட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் சர்வேயர் சிரித்தார். பேச்சு அவருக்குக் குறைவு. என்னை 'பல்லம்மா' என்று கூப்பிடுவார். வேறு எவனாவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் அவன் பல் என் மேஜைக்கு வந்திருக்கும்.

அவர் போன மாதம், வேனில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மகள் கூப்பிடறா. அவகிட்டயே வந்து இருங்கன்னு."

"எவ்வளவு நாளைக்கு?"

"இனிமே அங்கேதான்."

"டாட்ஜ்?"

"வித்தாச்சு."

ஒரு டாட்ஜை என்னிடம் சொல்லாமல் விற்றிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி அவர் மடியில் போட்டிருப்பேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "நல்லது. மகள் பக்கத்துல இருக்கறது நல்லதுதான்." என் நாக்கை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போகாதீங்க என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. கணவன் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று. அந்த வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே பல் செய்தேன்.

அப்புறம்தான் அந்த பிஸ்கட் ஃபேக்டரி வாட்ச்மேன் போன் செய்தார். ஃபேக்டரி மூடி எவ்வளவோ காலம் ஆகிறது. பழைய முதலாளியின் பிளைமவுத் ஒன்று பின்பக்கம் புல்லுக்குள் கிடக்கிறதாம். சீக்கிரமே எல்லாவற்றையும் உருக்கப் போகிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நான் எத்தனையோ நாளாகத் தேடுகிற ட்ரம் அதில் இருக்கலாம். "கடைசி வேட்டை" என்றார் சர்வேயர். நான் காதில் விழாத மாதிரி ஸ்பானர்களை எண்ணி வேனில் போட்டேன்.

போனோம். கார் இருந்தது. கூரையெல்லாம் சொத்தை விழுந்து, கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லாமல் இருந்தாலும் நான்கு சக்கரங்களும் இருந்தன. "நீங்க சக்கரத்தக் கழட்டுங்க, நான் டாஷ்போர்ட பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனேன். கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டக்'. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சத்தம் என்ன என்று இந்தக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். எந்தக் காரிலும் சக்கரத்துப் போல்ட்டை இடப்பக்கம் திருப்பினால் கழலும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ஆனால் இந்தக் கம்பெனிக் கார்களில், இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஓடுகிற ஓட்டத்தில் போல்ட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று யோசித்துச் செய்தது. போல்ட் தலையில் 'எல்' என்று எழுத்துகூடப் பொறித்திருக்கும், துருவில் தெரியாது. புதிதாக வாங்குகிற ஒவ்வொருவனும் ஒரு தடவை இதில் மாட்டுவான். கழலவில்லையே என்று ஸ்பானரில் பைப்பைச் செருகி ஏறி மிதிப்பான், அது இன்னும் இறுகி முறியும். இந்தத் தப்பைச் செய்கிறவர்களை சர்வேயர் படுத்துகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஒருவனை வருஷம் முழுக்க 'முறியடித்த மன்னர்' என்றே கூப்பிட்டார்.

இப்போது அந்த சர்வேயர்தான் பைப்பும் கையுமாக நிற்கிறார். ஐந்து போல்ட்டில் இரண்டு தலை தரையில் கிடக்கிறது.

"என்ன பண்றீங்க நீங்க?"

அவர் கீழே கிடந்த தலைகளைப் பார்த்தார்.

"இடது பக்கம் சார் இது, இடது பக்கம். லெஃப்ட் த்ரெட். மரை கழண்டுபோச்சா உங்களுக்கு? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நீங்களே ஏறி மிதிச்சா என்ன அர்த்தம்? இனிமே இத ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும். ட்ரில் இருக்கா இப்ப? என் தலையில போடுங்க அந்தப் பைப்ப."

வாய்க்கு வந்தபடி திட்டி முடித்து மூச்சு வாங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மெல்லச் சிரித்தார்.

"அப்ப இன்னொரு தடவ வரணும்" என்றார்.

சட்டென்று எனக்கு எல்லாம் விளங்கிற்று. வேண்டுமென்றே செய்திருக்கிறார். எத்தனை சக்கரம் கழற்றிய கை அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகத் திருப்பும். கடைசி வேட்டை கடைசியாகிவிடக் கூடாது என்று போல்ட்டை முறித்திருக்கிறார் மனுஷன். வாய் திறந்து போக மனசில்லை என்று சொல்லத் தெரியாமல், இப்படி. நானும் சொல்லத் தெரியாதவள்தானே, எனக்கு இந்தப் பாஷை புரியாதா? "பெரிய ஆளுதான் நீங்க" என்று முணுமுணுத்துவிட்டு வேனை நோக்கி நடந்தேன். என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தேன்.

அந்த வாரம் நான் இருந்த இருப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டு மேல் போர்ஷன் காலியாகத்தான் கிடக்கிறது. அதைக் கழுவித் துடைத்தேன். ஜன்னலுக்குத் திரை வாங்கினேன், பிடிக்கவில்லை, போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் கொட்டகை தெரியும், காலையில் எழுந்ததும் அவர் கண்ணில் கார் படும் என்று கட்டிலை அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டேன். லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மேஜை மேல் இருந்த தாடைகளைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். "போகாதீங்க. மேல் போர்ஷன் சும்மாதான் இருக்கு." முதலாளி உள்ளே வந்து, "என்ன, இந்த வாரம் நீங்க யாரையும் கடிக்கலயே, ஒடம்பு சரியில்லயா?" என்றார். அக்கா போன் செய்து பெரியம்மாவை விசாரித்தபோது, "நல்லா இருக்கா, அக்கா. நீ எப்படி இருக்க?" என்றேன். அவள் பதறிப்போய், ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பேட்டரியில் ஓடுகிற ட்ரில் ஒன்றை லேபிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஃபேக்டரி கேட்டுக்குள் வேனை நிறுத்தியதும், இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. காருக்குப் பக்கத்தில் போய், அவர் டீயை ஊற்றி என் கையில் கொடுத்த பிறகுதான் வாய் வந்தது. ஒத்திகை பார்த்தது ஒன்று, வந்தது வேறு.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். என் வீட்டு மாடி இருக்கு. கொட்டகையில எடம் இருக்கு, இன்னொரு வண்டி வேணும்னா தேடிக்கலாம். மகள் வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும். போகாதீங்க."

அவர் தன் கப்பைக் காரின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நெஜமாவா சொல்றீங்க, பல்லம்மா?"

"நான் வெளையாட்டுக்குப் பேசற ஆளா?"

"சரி" என்றார், தலையை ஆட்டினார். "இருந்துடறேன். மகள்கிட்ட சொல்லிடறேன்."

அவ்வளவுதான். இத்தனை சுலபமா? இதற்கா நான் இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ட்ரில்லை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எடுத்து வருகிறேன் என்று கேட் பக்கம் போனேன். போகும் வழியில் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வாட்ச்மேன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

திரும்பி வந்தபோது சர்வேயர் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். மூன்றாவது போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். இடப்பக்கமாக.

"சார், நிறுத்துங்க. போதும் வெளையாட்டு" என்றேன் சிரித்துக்கொண்டே. "அதான் இருக்கறேன்னு சொல்லிட்டீங்களே. இனிமே எதுக்கு முறிக்கறீங்க?"

"கழல மாட்டேங்குது."

"எப்படிக் கழலும்? லெஃப்ட் த்ரெட்."

"அப்படின்னா?"

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. வழி தெரியாத தெருவில் ஆளை நிறுத்திக் கேட்பதைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ட்ரில்லைக் கீழே வைத்து, அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, வலப்பக்கம் திருப்பினேன். கொஞ்சம் முனகிவிட்டு போல்ட் கழன்று வந்தது.

"அட, தலைகீழா இருக்கே" என்றார் சர்வேயர். குனிந்து துருவைத் தேய்த்து அந்த எழுத்தைப் பார்த்தார். "எல்னு போட்டிருக்கான் பாருங்க. என்ன மூளை." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் அவர் போல்ட்டை முறித்தது என் மேல் வைத்த ஆசையால் இல்லை, மறதியால். நான் திட்டியபோது சிரித்தாரே, அது மாட்டிக்கொண்டவர் சமாளிக்கிற சிரிப்பு. மரை கழண்டுபோச்சா என்று கேட்டேன் நான், இந்த வாயால். இரண்டு போல்ட் தலையை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே கட்டிவிட்டேன், திரைச்சீலை வரைக்கும்.

மிச்ச வேலையை நான்தான் செய்தேன். முறிந்ததை ட்ரில் போட்டு எடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்மை இழுத்தெடுக்கிற புல்லரை மாட்டித் திருகினேன். ட்ரம் வெளியே வந்தது. தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி நின்று ஒலித்தது. ஒரு விரிசல் இல்லை. இதற்காகத்தான் எங்கெங்கோ சுற்றினேன். அதைத் தூக்கி வேனில் போட்டபோது கை வலித்தது, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

சாவியைப் போட்டேன். அவர் என் கையைத் தொட்டு, "கொஞ்சம் இருங்க" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் பல்லம்மா. கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"போன வருஷத்துலேந்து எனக்கு ஒண்ணொண்ணா மறந்துபோகுது. டாக்டர் பாத்துட்டார். இனிமே கூடிக்கிட்டேதான் போகும்னுட்டார். அதனாலதான் டாட்ஜ வித்தேன். ஒரு நாள் ரோட்டு நடுவுல எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாம நின்னுட்டேன். நான், சர்வேயர்." மடியில் இருந்த ஃபிளாஸ்க்கை நிமிர்த்தி வைத்தார். "மகள் வந்து கூட்டிட்டுப் போறேங்கறா. இன்னும் உங்ககிட்டதான் சொல்லல."

போன மாதம் இதே சீட்டில் உட்கார்ந்து சொன்னாரே. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, இருந்துடறேன் என்றாரே. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போகாதீங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்" என்றார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் இருந்துடுவேன்."

மறுபடியும் சொல்லலாம். சொன்னால் மறுபடியும் கண் கலங்குவார், நெஜமாவா என்பார், சரி என்பார். நாளைக்கும் சொல்லலாம், மறுநாளும் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. நான் காலையில் தாடைகளைப் பார்க்கப் போய்விடுவேன். சாயங்காலம் வரை அவர் அந்த மாடியில் தனியாக, யார் வீடு என்று தெரியாமல், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல், ஜன்னல் வழியாக ஒரு காரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவர் வேண்டும். அவருக்கு ராத்திரி பகல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. அவர் மகளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"போறதுதான் நல்லது" என்றேன். இந்தத் தடவை என் நாக்கை நான் வெட்டிக்கொள்ள நினைக்கவில்லை. "மகள்கிட்டயே போய் இருங்க. போயிட்டு வாங்க."

"சரி" என்றார், தலையை ஆட்டினார். எனக்காக இருந்துடறேன் என்று சொன்னபோது வந்த அதே சரி, அதே தலையாட்டல், ஒரு துளி வித்தியாசம் இல்லை. நான் வேனைக் கிளப்பினேன்.